மாலகாவில் பெண் பார்த்தது

பிளெய்ன்ஸ்பரோ, நியூ ஜெர்சி
8 மார்ச் 1998

அன்புள்ள வான்மதிக்கு,

அண்ணி பவளம் எழுதுவது. இங்கே உன் அண்ணனுக்குக் கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறது. எனக்கு எடை ஏறியிருக்கிறது. நம் வெண்பாவுக்குச் சம்பளம் ஏறியிருக்கிறது. ஆக, வீடே ஏறுமுகம்தான். ரிச்சர்ட்சனில் உன் முழங்காலும் சேனாபதி தம்பியின் முதுகும் எப்படி? இரண்டையும் தனித்தனியாக விசாரித்ததாகச் சொல்.

போன் இருக்கும்போது இவள் ஏன் ஸ்டாம்ப் ஒட்டுகிறாள் என்று நினைப்பாய். இந்த வீட்டில் சமையலறையில் ஒரு போன், படுக்கையறையில் ஒரு போன், மகள் அறையில் ஒரு போன். நான் எதை எடுத்தாலும் இன்னொன்றில் யாராவது மூச்சு விடுகிறார்கள். இ-மெயில் உண்டு. அதைத் திறந்து கொடுத்தது வெண்பா, பாஸ்வேர்ட் வைத்ததும் வெண்பா. அவளைப் பற்றிய ரகசியத்தை அதில் எழுதுவதற்குப் பதில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்ன, ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்ட் வரன், நஞ்சப்பன் அண்ணனும் நாகமணி அக்காவும் பெற்ற அகிலன், என் மனசுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஜாதகமும் பொருந்தியாயிற்று. பெண்ணும் பையனும் பார்த்துக்கொள்வதுதான் பாக்கி. எங்கே பார்ப்பது? போன வருஷம் சிகாகோக்காரர்கள் வீட்டுக்கு வந்தபோது, வெண்பா கிழிந்த ஜீன்ஸில் வந்து உட்கார்ந்து பையனுடைய அப்பாவிடம் அவர் ரிட்டயர்மென்ட்டுக்கு என்ன சேர்த்து வைத்திருக்கிறார் என்று விசாரித்தாள். கேசரியை முடிக்காமலே கிளம்பினார்கள். கோயிலில் பார்க்கலாம் என்றால், பிரிட்ஜ்வாட்டரில் அர்ச்சனைத் தட்டு கைக்கு வருவதற்குள் எடிசன் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். எனக்குத் தெரியாதா, மற்றவர்கள் விஷயத்தில் தெரிவிப்பதே நான்தானே.

அதனால் நீ விளையாட்டாகச் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சிநேகிதக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஜூனில் ஸ்பெயினுக்கு ஒரு டிரிப். மாலகா என்று ஓர் ஊர். கோட்டை, பெரிய சர்ச், கடற்கரை எல்லாம் உண்டு. தமிழ் ஆட்கள் கிடையாது. ஹைஸ்கூலில் ஸ்பானிஷ் படித்த நாளிலிருந்து வெண்பா ஸ்பெயின், ஸ்பெயின் என்று என் உயிரை எடுத்தவள். டிக்கெட் போடப்போகிறோம் என்றதும் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் குறுகுறுத்தது. சமாளித்துக்கொண்டேன். சந்தேகம் வராமலிருக்க நீங்கள் இருவரும், எங்கள் பக்கத்துத் தெரு டாக்டர் தனபாக்கியமும் வருகிறீர்கள். டாக்டருக்கும் விஷயம் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. பெண் பார்ப்பது பெண்ணுக்கே தெரியாமல் நடக்கப்போகிறது. உன் அண்ணியின் மூளையை என்னவென்று நினைத்தாய்?

நாகமணி அக்காவிடம் பேசி எழுது. குளிரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வெளியே போகாதே.

அன்புடன்,
பவளம்


ரிச்சர்ட்சன், டெக்சாஸ்
26 மார்ச் 1998

அன்புள்ள அண்ணிக்கு,

வான்மதியின் வணக்கம். மழை வருவதற்கு முந்தின நாளே என் முழங்கால் சொல்லிவிடுகிறது; டிவியில் வானிலை பார்ப்பதை விட்டுவிட்டோம். அவர் முதுகு பரவாயில்லை. அண்ணனுக்கு நெய்யைக் குறைத்தீர்களா?

நாகமணி அக்காவிடம் பேசினேன். அவர்களுக்குச் சம்மதம். அகிலனிடம் சும்மா ஒரு டிரிப் என்றுதான் சொல்லப்போகிறார்கள். ஆனால் எங்களை விட்டுவிடுங்கள் அண்ணி. கோட்டை, படிக்கட்டு என்றதும் இங்கே எங்கள் டாக்டர் என் காலைப் பார்த்துவிட்டுக் கூடாது என்று தலையை ஆட்டினார். இவருக்கும் ஆபீஸில் ஜூனில்தான் வேலை அதிகம்.

ஒன்று கேட்கட்டுமா? வெண்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே கூட்டிப் போனால் என்ன? இருபத்தைந்து வயதுப் பெண். அங்கே போய்த் தெரிந்தால் அவளுக்குத்தானே சங்கடம்.

அண்ணனை மாத்திரை மறக்காமல் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வான்மதி


பிளெய்ன்ஸ்பரோ
19 ஏப்ரல் 1998

அன்புள்ள வான்மதிக்கு,

நெய்யைக் குறைத்தேன். அவர் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிடுகிறார். மற்றபடி சுகம். உன் முழங்காலை நம்பி நேற்று நான் இங்கே துணி காயப்போடவில்லை. மழை டெக்சாஸுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

வெண்பாவிடம் சொன்னால் என்ன என்று கேட்டிருந்தாய். சொன்னால் வேண்டாம் என்பாள். அதனால்தான் சொல்லவில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நீங்கள் வராதது வருத்தம்தான். ஆனால் டாக்டர் தனபாக்கியம் நான்கு பேருக்குச் சமம். இப்போதே கைடு புத்தகத்தைப் படித்து எனக்கு டெஸ்ட் வைக்கிறார். மாலகா சர்ச்சுக்கு இரண்டு கோபுரம் கட்ட ஆரம்பித்து ஒன்றுதான் முடிந்ததாம். இன்னொன்று இருநூறு வருஷமாக அப்படியே மொட்டையாக நிற்கிறதாம். நம் ஊர் கான்டிராக்டர்கள் அங்கேயும் போயிருக்கிறார்கள்.

வெண்பாவுக்கு மாம்பழ நிறத்தில் ஒரு சல்வார் எடுத்திருக்கிறேன். பெட்டியில் மேலாக வைத்தேன். அவள் அதை எடுத்துவிட்டு வேறு எதையோ வைத்தாள். நான் மறுபடி வைத்தேன். யார் ஜெயித்தது என்பது ஸ்பெயினில் தெரியும்.

உன் காலுக்கு ஒத்தடம் கொடு.

அன்புடன்,
பவளம்


மாலகா, ஸ்பெயின்
14 ஜூன் 1998

அன்புள்ள வான்மதிக்கு,

ஹோட்டல் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதம் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் பெட்டியிலும் வைத்துக்கொண்டேன். எல்லோரும் நலம். எனக்கு மட்டும் காலில் கொப்புளம். டாக்டர் தனபாக்கியம் நடக்கிற வேகத்துக்கு நோயாளிகள் எப்படித் தப்பித்தார்களோ.

இந்த ஊரில் எங்கள் எல்லோருக்கும் வாய் வெண்பாதான். டாக்ஸியா, ஹோட்டலா, பஸ்ஸா, அவள்தான் பேசுகிறாள். முகத்தைச் சுளிக்காமல், சிரித்துக்கொண்டே, கறாராக. ஒரு கடைக்காரர் உன் அண்ணனைச் சுற்றி வந்து தொப்பி விற்கப் பார்த்தார். அவள் ஒரே வரிதான் சொன்னாள், மனுஷன் இவளுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். நாகமணி அக்கா என் தொடையைக் கிள்ளி, "கெட்டிக்காரியா இருக்கறாளே" என்றார். எனக்கு அங்கேயே கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது.

ஆனால் பெண் காபி கொண்டுவந்து கொடுக்காமல் பெண் பார்த்ததாக நான் ஒப்புக்கொள்வேனா? முதல் நாள் காலை ஒரு காபிக் கடையில் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்தேன். இங்கே மேஜைக்கு வந்து கேட்க நேரமாகும், நாமே போய் வாங்கினால் சீக்கிரம். "வெண்பா, எல்லாருக்கும் நீயே கொண்டுவா கண்ணு" என்றேன். போனாள். இந்த ஊரில் பால் அளவுக்குத் தகுந்தபடி காபிக்கு ஒவ்வொரு பேர்: பாதிக்குப் பாதி ஒன்று, நிழல் ஒன்று, மேகம் ஒன்று. அவள் ஆளுக்குத் தகுந்தாற்போல் ஆர்டர் பண்ணிவிட்டு, எனக்குச் சாக்லேட்டில் தோய்க்கிற பலகாரம் வாங்க நின்றுவிட்டாள். தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது யார் என்கிறாய்? அகிலன். குனிந்த தலை நிமிராமல், சிந்தாமல், முதலில் உன் அண்ணனிடம் நீட்டினான். உன் அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மேகத்தை எடுத்துக்கொண்டார். நஞ்சப்பன் அண்ணன் கூச்சத்தில் நெளிந்தார்.

நேற்று கடற்கரை. இங்கேதான் உன் அண்ணியின் மூளை கொஞ்சம் சறுக்கிவிட்டது. கடற்கரை உள்ள ஊர் என்று பெருமையாகத் தேர்ந்தெடுத்தேனே தவிர, கடலில் இறங்குகிறவர்கள் சல்வாரில் இறங்க மாட்டார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. வெண்பா கறுப்பு நீச்சலுடையில் வந்து நின்றாள். வருங்கால மாமனார், மாமியார் முன்னால்! நான் ஹோட்டல் டவலை விரித்துக்கொண்டு சாம்பல் மணலில் அவள் பின்னால் ஓடினேன். அவள் தண்ணீருக்குள் போய்விட்டாள். நஞ்சப்பன் அண்ணன் ஒரு பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தார். ஸ்பானிஷ் பேப்பர். அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

அகிலனும் அரை டிராயரோடு இறங்கினான். நம் காலத்தில் கல்யாணம் முடியும்வரை மாப்பிள்ளையின் முழங்காலைப் பார்த்ததுண்டா? பையனுக்கு நல்ல முழங்கால். குறித்துக்கொள்.

நாங்கள் பெரியவர்கள் வாடகைச் சாய்வு நாற்காலிகளில் பேச்சில்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். டாக்டர் தனபாக்கியம் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், "என்னங்க இது, பொண்ணு பாக்க வந்த மாதிரி எல்லாரும் வெறப்பா ஒக்காந்திருக்கீங்க?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். கரைக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் இருவரும் சிரித்தார்கள் பார், அப்படி ஒரு சிரிப்பு. வெண்பா மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

உன் அண்ணன் கடற்கரையில் கம்பியில் குத்திச் சுட்டுத் தருகிற மத்தி மீனைத் தின்றுகொண்டிருக்கிறார். கொலஸ்ட்ரால் என்றேன். "அது நியூ ஜெர்சிலதான்" என்கிறார்.

பவளம்


பிளெய்ன்ஸ்பரோ
5 ஜூலை 1998

அன்புள்ள வான்மதிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். கொப்புளம் ஆறிவிட்டது, உன் அண்ணன் ஸ்பெயினில் சாப்பிட்டது ஆறவில்லை. நீங்கள் இருவரும் சௌக்கியம்தானே? மாலகாவிலிருந்து போட்ட கடிதம் வந்ததா?

கடைசி நாள் கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மலை மேலே ஒரு கோட்டை. நாங்கள் பாதியில் உட்கார்ந்துவிட்டோம். பிள்ளைகள் இருவரும் மேலே ஏறினார்கள். டாக்டரும் ஏறப் போனார். கைடு புத்தகத்தில் ஒரு சந்தேகம் என்று நான் பிடித்து உட்கார வைத்தேன். கீழிருந்து பார்த்தால் கோட்டைச் சுவரில் இரண்டு தலை தெரிகிறது. பேசுகிறார்கள், பேசுகிறார்கள், வெயில் இறங்குகிற வரைக்கும் பேசுகிறார்கள். ஒரு கட்டத்தில் கைகுலுக்கிக்கொண்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கல்யாணத்தைக்கூடக் கைகுலுக்கித்தான் முடிவு செய்வார்கள் போலிருக்கிறது என்றேன் நாகமணி அக்காவிடம். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இறங்கி வந்தவள் நேரே தெருமுனை போன் பூத்துக்குப் போய்க் கார்டு தீருகிறவரை யாரிடமோ பேசினாள். சிநேகிதியாம். சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டுமே.

ஏர்போர்ட்டில் நாகமணி அக்கா என் கையைப் பிடித்து, "ஊருக்குப் போயி லெட்டர் போடறோங்" என்றார். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் உன் அம்மா என்னைப் பார்த்துவிட்டு இதையேதான் சொன்னார். அந்த லெட்டர் நாலாம் நாளே வந்தது. இவர்கள் பதில் உன் மூலமாகத்தான் வரும். கேட்டு உடனே எழுது. புடவைக் கடைக்கு ஊரில் சொல்லி வைத்துவிட்டேன்.

முழங்காலை மடக்காமல் உட்கார்ந்து எழுது, ஆனால் எழுது.

பவளம்


ரிச்சர்ட்சன்
27 ஜூலை 1998

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் தாமதமானதற்குக் கோபிக்காதீர்கள். இங்கே வெயில் நூறுக்கு மேல். நாங்கள் இருவரும் ஏ.சி.க்குக் கீழே ஊறுகாய் மாதிரி கிடக்கிறோம். வேறு கஷ்டம் இல்லை.

நாகமணி அக்காவிடம் பேசினேன். இப்போது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எதையும் பேச வேண்டாம் அண்ணி.

வெண்பா எப்படி இருக்கிறாள்? உங்களிடம் ஏதாவது சொன்னாளா? வேலைக்குப் போய்விட்டு வந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? அவளிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். நான் சும்மாதான் கேட்கிறேன்.

அண்ணனுக்கு என் அன்பு.

வான்மதி


பிளெய்ன்ஸ்பரோ
30 ஆகஸ்ட் 1998

அன்புள்ள வான்மதிக்கு,

ஆடி போய் ஆவணியும் பாதி ஆயிற்று. எனக்கு ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் தனபாக்கியம் சொல்கிறார். காரணம் அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதன் பெயர் பேர்லேண்ட். உனக்கு உடம்பு தேவலையா? எழுத முடியாத அளவுக்கு விரல் வலி ஒன்றும் இல்லையே?

ஒரு ஆமாம், ஒரு இல்லை. இதைச் சொல்ல ஒரு குடும்பத்துக்கு எத்தனை மாசம் வேண்டும்? என் பெண்ணிடம் என்ன குறை? அந்த நீச்சலுடைதான் என்று எனக்குச் சந்தேகம். அவர்கள் பையன் மட்டும் என்ன பட்டு வேட்டியிலா குளித்தான்?

இங்கே நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். ஸ்பெயினிலிருந்து வந்த சூட்டில் நாலு பேரிடம் "கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான்" என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் என்றால் உனக்குத் தெரியும், தமிழ்ச் சங்கம். இப்போது கோயிலில் ஆளாளுக்கு, "என்னாச்சுங்க ஆன்ட்டி?" என்கிறார்கள். "அவங்கதான் இழுக்கறாங்க, பணக்கார எடம் பாருங்க" என்று சொல்லிவைத்தேன்.

வெண்பா எப்போதும்போல் இருக்கிறாள். இப்போதெல்லாம் எனக்குப் பாத்திரம் கழுவிக்கூடத் தருகிறாள். மாமியார் வீட்டுக்குப் பழகுகிறாள் போல.

பவளம்


ரிச்சர்ட்சன்
24 செப்டம்பர் 1998

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் ரத்தக் கொதிப்புக்கு உப்பைக் குறையுங்கள். ஊறுகாயும் அப்பளமும் உப்புதான் என்பதை நினைவில் வையுங்கள்.

அகிலனுக்கு வேலையில் ஏதோ பெரிய புராஜெக்டாம். புரட்டாசியும் வந்துவிட்டது. அவசரப்பட வேண்டாம். அவர்களைப் பற்றி வெளியில் ஒன்றும் சொல்லாதீர்கள். நல்ல மனுஷர்கள்.

வெண்பாவை ஒரு வாரம் இங்கே அனுப்புங்களேன். எனக்கும் துணையாக இருக்கும்.

வான்மதி


பிளெய்ன்ஸ்பரோ
30 நவம்பர் 1998

வான்மதிக்கு,

உன் அண்ணனும் நானும் நலம்.

தாங்க்ஸ்கிவிங் லீவில் ஹூஸ்டன் வந்திருந்தோம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு என்று உன் அண்ணனிடம் சொன்னேன். நாகமணி அக்கா சனிக்கிழமை தவறாமல் அங்கே வருவார் என்று நீதான் ஒரு தடவை எழுதியிருந்தாய். வந்தார். அம்மனை அவசரமாகக் கும்பிட்டுவிட்டு, சாப்பாட்டுக் கூடத்தில் புளியோதரைத் தட்டோடு போய் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"வாங்க பவளம்" என்றார். வாய்தான் வரவேற்றது, கண் வேறு பக்கம் இருந்தது.

"ஏனுங்க்கா, பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல? தபால்காரரைப் பாத்துப் பாத்து என் கண்ணு பூத்துப்போச்சு" என்றேன்.

"எதுக்குத் தபால்காரரைப் பாக்கறீங்க? அதான் நீங்களே சொல்லியனுப்பிட்டீங்களே."

"நானா? என்னன்னு?"

"பொண்ணுக்கு இஷ்டமில்லைன்னு. ஜூலைலயே வான்மதி போன் பண்ணிச்சே. நாங்களும் கவுரவமா ஒதுங்கிக்கிட்டோம். ஆனா ஒண்ணு கேக்கறேன் பவளம். நீங்களே வேண்டாம்னு சொல்லிப்போட்டு, நாங்க இழுத்தடிக்கறோம்னு ஊர் பூராப் பேசறது நல்லாவா இருக்குது?"

"ஊர் பூரா இல்லீங்க்கா. நியூ ஜெர்சி மட்டுந்தான்" என்றேன். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அப்புறம் அவரே விளக்கினார். டிக்கெட் வாங்கிய அன்றைக்கே இரண்டு பிள்ளைகளும் கண்டுபிடித்துவிட்டார்களாம். கோட்டைச் சுவரில் உட்கார்ந்து வெயில் இறங்கும்வரை பேசியது, வேண்டாம் என்று சொல்லத்தானாம். கைகுலுக்கியது அதற்குத்தானாம். "எம் பையனுக்கு அவ மேல ரொம்ப மரியாதை. மூஞ்சிக்கு நேரா தெளிவாச் சொன்னாளாம்" என்றார். ஊர் பேர் தெரியாத கோட்டையில் ஊரான் பிள்ளையிடம் தெளிவாகச் சொன்னவள், என்னிடம் சொல்லவில்லை.

நீயும் சொல்லவில்லை. ஆடி என்றாய், புரட்டாசி என்றாய். ஐந்து மாதம் என்னைக் கோமாளியாக நிற்க வைத்தாய்.

ஹூஸ்டனிலிருந்து உன் வீடு அரை நாள் டிரைவ்கூட இல்லை. உன் அண்ணன் போகலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன்.

கால் வலிக்குத் தைலம் விடாமல் போடு.

பவளம்


ரிச்சர்ட்சன்
9 டிசம்பர் 1998

அன்புள்ள அண்ணிக்கு,

கால் இருந்தபடி இருக்கிறது. நீங்கள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மாலகாவில் வெண்பா போன் பூத்தில் பேசியது என்னிடம்தான். அவள் அழவில்லை. அவள் மனசில் வேறு யாரும் இல்லை; அதையும் நானே கேட்டேன். "அகிலன் ஈஸ் எ நைஸ் கை அத்தை. பட் எனக்கு வேண்டாம். அவங்க சைடுல இருந்து நோ வர்ற மாதிரி பண்ண முடியுமா?" என்றாள். நீயே அம்மாவிடம் சொல், அம்மா என்ன அடித்துவிடுவாளா என்றேன். "அடிக்க மாட்டாங்க. பேச மாட்டாங்க" என்றாள்.

மெடிக்கல் ஸ்கூல் வேண்டாம், கெமிஸ்ட்ரி போதும் என்று அவள் சொன்ன வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? தீபாவளியில் நிறுத்திய பேச்சைப் பொங்கலில்தான் ஆரம்பித்தீர்களாம். தட்டைக்கூட அண்ணன் மூலமாகத்தான் வைத்தீர்களாம். "அம்மா பேசாத வீட்ல நீங்க இருந்திருக்கீங்களா அத்தை?" என்று கேட்டாள். உங்கள் வீட்டில் எனக்கு வாய் திறக்க இடம் கிடைத்ததே இல்லை, பேசாத வீட்டை எங்கே பார்த்தேன்?

பையன் தலையில் பொய்யாகப் பழியைப் போட எனக்கு மனசு வரவில்லை. அதனால் நாகமணி அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். உங்களிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை. மாசத்துக்கு ஒரு சாக்காகத் தள்ளினேன். நீங்கள் ஹூஸ்டன் போகாமல் இருந்திருந்தால் மார்கழியையும் எழுதியிருப்பேன்.

என்னிடம் எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இருங்கள். அவளிடம் இருக்காதீர்கள்.

வான்மதி


பிளெய்ன்ஸ்பரோ
28 பிப்ரவரி 1999

அன்புள்ள வான்மதிக்கு,

இங்கே மூவரும் இருக்கிறோம், சளி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. உங்கள் இருவரின் உடம்பையும் இத்தனை நாள் விசாரிக்காமல் இருந்தது என் தப்பு. முழங்கால், முதுகு இரண்டுக்கும் சேர்த்து எழுது.

உன் கடிதம் வந்தபோது நான் வெண்பாவிடம் பேசாமல்தான் இருந்தேன். நீ சொன்னபடியேதான், தட்டு அவள் அப்பா வழியாகப் போய்க்கொண்டிருந்தது. கடிதத்தைப் படித்தேன். படித்த பிறகும் பேசவில்லை. கோபம் அன்றைக்கே போய்விட்டது. எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் வாயாடுகிறவளுக்குப் பெற்ற பெண்ணிடம் முதல் வார்த்தை கிடைக்கவில்லை என்றால் நம்புவாயா?

ஜனவரியில் ஒரு நாள் நல்ல பனி. "ஷவல் எங்கடீ வச்சே?" என்று கேட்டுவிட்டேன். அவள் எடுத்துக்கொண்டு வந்தாள். டிரைவ்வேயில் ஆளுக்கு ஒரு பக்கம் பனியைத் தள்ளினோம்.

"ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கவே இல்லையேம்மா."

"கேக்கலையா? எந்தக் கலர் சல்வார், ஜன்னல் சீட்டா, கடல் பக்கம் ரூமா, எல்லாத்தையும் கேட்டுத்தானேடி பண்ணினேன்?"

"யா. எவ்ரிதிங் எல்ஸ்" என்றாள்.

என் பக்கத்துப் பனி முழுவதையும் தள்ளி முடித்தேன். பிறகு உள்ளே போய்க் காபி போட்டேன், குடித்தோம். அவ்வளவுதான். பெரிய கட்டிப்பிடிப்பெல்லாம் இல்லை.

போன வாரம் கலிபோர்னியா ஃப்ரீமான்ட்டிலிருந்து வாஞ்சிநாதன் சார் வீட்டம்மா வெண்பாவைக் கேட்டுப் போன் பண்ணினார்கள். இரண்டாவது பையன், கம்ப்யூட்டர், சொந்த வீடு. நான்கு மாதம் முன்பாக இருந்தால் அந்தப் பேச்சு முடிவதற்குள் மண்டபம் பார்த்திருப்பேன். வெண்பா டைனிங் டேபிளில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். யார், என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, கத்தி நின்றுவிட்டது. நான் போனை அவளிடம் நீட்டினேன். "உன்னைப் பத்திதான். நீயே பேசு" என்றேன்.

அவள் அதுவரை பெரியவர்களிடம் தமிழில் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. "வணக்கம் ஆன்ட்டி. நான் வெண்பா. எனக்கு இப்போ கல்யாணம் வேண்டாம்ங்க. கேட்டதுக்குத் தேங்க்ஸ். நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றாள். போனை வைத்துவிடுவாள் என்று பார்த்தால், அந்தம்மா விடவில்லை. இவள் "ம்" கொட்டுகிறாள், "அய்யய்யோ" என்கிறாள், சிரிக்கிறாள். இங்கே சாம்பார் கொதிக்கிறது, நான் கரண்டியோடு நிற்கிறேன்.

ஒரு வழியாக வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள் வான்மதி. அந்தப் பார்வையை எத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன், சும்மா பார்க்கிறாள் என்றே நினைத்திருக்கிறேன். என் வாய் பேசப்போகிறதா, மூடிக்கொள்ளப்போகிறதா என்று பார்க்கிற பார்வை அது. உள்ளுக்குள் எனக்குச் சொந்த வீடு, இரண்டாவது பையன் எல்லாம் போகிறதே என்றுதான் இருந்தது. ஆனால் எதையாவது பேசிவிட வேண்டும், உடனே பேசிவிட வேண்டும். புத்திசாலித்தனமாக ஒன்றும் கிடைக்கவில்லை.

"இவ்ளோ நேரம் என்னடி சொல்லுச்சு அந்தம்மா?" என்றேன்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "அம்மா, யூ வில் நாட் பிலீவ் திஸ். அவங்க பெரிய மருமக இருக்காங்கல்ல..." என்று ஆரம்பித்தாள். சாம்பார் அடிபிடித்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் தயிரும் ஊறுகாயும்தான் சாப்பிட்டோம். அந்தப் பெரிய மருமகள் கதை உனக்கும் தெரிந்தாக வேண்டும். ஆனால் வெண்பா சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வராது. ஏப்ரலில் லீவு எடுத்துக்கொண்டு அங்கே வருகிறாளாம், அவளே சொல்லட்டும்.

அவளுக்கு வத்தக்குழம்பு வைத்துப் போடு. உன் காலை நீட்டிக்கொண்டு கேள்.

அன்புடன்,
உன் அண்ணி பவளம்